மூன்று விநாடி

கேள்வி கேட்டு முடித்த ஆசிரியர், பதில் வரும்வரை எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் நூற்றுக்கணக்கான வகுப்பறை ஒலிநாடாக்களைக் கேட்டு இதைக் கணக்கெடுத்தார். சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திரும்பச் சொல்வார், வேறொரு பிள்ளையை எழுப்புவார், இல்லையென்றால் விடையைத் தானே சொல்லிவிடுவார். அந்த ஒரு விநாடியை மூன்றாக்கிப் பார்த்தால் என்ன ஆகிறது என்பதையும் ரோ ஆராய்ந்தார். பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ குறைந்தது. அதுவரை வாய் திறக்காதவர்கள் பேசினார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள். 1970களில் வெளியான ஆய்வு இது.

ஆசிரியர் பட்டயப் பயிற்சி படித்த காலத்தில் இது என் காதில் விழவில்லை. விழுந்தது வேலை கிடைத்த பிறகு வந்த முதல் கோடை விடுமுறையில், வட்டார வள மையத்தின் பயிற்சிக் கூடத்தில். மின்விசிறிகள் அனலைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தன. ஆசிரியர் பயிற்சிகளைப் பற்றி ஆசிரியர்களிடம் கேட்டால் முதலில் வருவது சிரிப்புதான். காலையில் செயலியில் வருகைப் பதிவு. பிறகு முல்லை, குறிஞ்சி என்று குழு பிரித்தல், சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும், விதவிதமான கைதட்டல்கள். பதினொரு மணிக்குத் தேநீர். மாலையில் பின்னூட்டப் படிவம். அந்தக் கிண்டலில் பாதி நியாயம்தான். பாதி என்று சொல்வதற்குக் காரணம் பயிற்சி நடத்த வந்த ஒரு கருத்தாளர். அவரும் தொடக்கப்பள்ளி ஆசிரியைதான்.

“புதுசா சேர்ந்தவங்க கை தூக்குங்க” என்றார் அவர். தூக்கிய கைகளுக்குச் சொந்தக்காரர்களில் பாதிப்பேருக்கு நரை எட்டிப்பார்த்திருந்தது. கூடமே சிரித்தது. தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியருக்குப் படித்தவர்களுக்கு இந்தச் சிரிப்பின் பின்கதை தெரியும். 2013இல் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிய பட்டாளத்தில் நானும் ஒருத்தி. அடுத்தது பணி ஆணைதான் என்று இருந்தோம். 2018இல் வந்த அரசாணை, டெட் தேறினால் போதாது, நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்றது. அந்தத் தேர்வு நடந்தது 2024 ஜூலையில். இதற்கிடையில் கல்யாணமும் குழந்தைகளும் ஜவுளிக்கடை வேலையும் டியூஷனுமாக எங்கள் வயது ஓடியிருந்தது. பதினோரு ஆண்டு காத்திருந்த எங்களைப் பார்த்துத்தான் அந்தக் கருத்தாளர் மூன்று விநாடி காத்திருக்கச் சொன்னார்.

சொன்னதோடு விடவில்லை. ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன என்று கேட்டார். மூன்றரை என்று சட்டென்று பல குரல்கள். “சரி, இந்தக் கணக்குக்கு ஒரு கதை சொல்லுங்க. யாரு, எதை, எதுக்காக அரையால வகுக்கிறாங்க?” கூடம் கப்சிப். தலைகீழாக்கிப் பெருக்கத் தெரிந்த எங்களுக்கு, எதற்காக அப்படிச் செய்கிறோம் என்று சொல்ல நா எழவில்லை. “அது ஆறாம் வகுப்புப் பாடம் மேடம், நமக்கு வராது” என்றார் பின்வரிசை சார் ஒருவர். கருத்தாளர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று விநாடியைத் தாண்டி வெகுநேரம் போனது. பெரியவர்கள் நெளிவதைப் பார்க்க வேண்டுமே! ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், ஒருவர் பயிற்சிக் கட்டகத்தைப் புரட்டினார். கடைசியில் ஓர் அம்மா தயங்கித் தயங்கி, “ஒண்ணே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்ல அடைச்சா மூணு பாக்கெட்டும் அரைப் பாக்கெட்டும் வரும்… அதுவா மேடம்?” என்றார்.

அதேதான். அந்த அம்மா காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அடுத்த அமர்வுக்கு வந்த கருத்தாளர் கேள்வியையும் விடையையும் ஒரே மூச்சில் சொல்லி, “புரிஞ்சுதா?” என்றார். “புரிஞ்சுது சார்” என்றோம் ஒரே குரலில். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கட்டகத்தில் அன்றைக்கு இத்தனை பக்கம் என்று இருக்கிறது, மாலைக்குள் அவர் அதை முடித்தாக வேண்டும். ஆசிரியரின் வாயைக் கட்ட விடாமல் வைத்திருப்பது போர்ஷன். பயிற்சிக்கு வந்தால் போர்ஷன் வேறு பெயரில் பின்னாலேயே வருகிறது.

டியூஷனில் போர்ஷன் கிடையாது, அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டிய நேரம் கிடைக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1984இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த நம்பிக்கைக்கு ஆராய்ச்சி முத்திரை குத்தியது. தனியாக ஒருவரை வைத்துச் சொல்லிக்கொடுத்தால், சராசரி மாணவன் வழக்கமான வகுப்பில் படிக்கும் நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேரை முந்திவிடுவான் என்றது அது. பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய பலனைக் காணவில்லை. இருந்தாலும் தனிக்கவனம் பலன் தரும் என்பதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் புளூம் சொன்ன தனிக்கல்வி வேறு, நம் தெருக்களில் நடக்கும் டியூஷன் வேறு. பல வருஷம் நடத்தியவள் சொல்கிறேன். சாயங்காலம் பாய் விரிப்போம். வெவ்வேறு பள்ளி, வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வந்து உட்காருவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டைரி. டைரியில் எழுதியிருப்பது எட்டு மணிக்குள் முடிந்தாக வேண்டும். அம்மாக்கள் வாசலில் வண்டியோடு நிற்பார்கள். ஒரு பிள்ளை கணக்கை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க, டியூஷன் மிஸ் அதன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், வாசலில் நிற்பவர் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? மாதம் கொடுக்கும் முந்நூறு ரூபாய் வீணாகும் காட்சியாகத்தான். அதனால் மிஸ் பேசுவாள். பேசிக்கொண்டே பென்சிலை வாங்கி முதல் வரியைப் போட்டுக்கொடுப்பாள். மீதியைப் பிள்ளை பார்த்து எழுதிவிடும்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள இந்தியக் கிராமப்புறப் பிள்ளைகளில் 30.5 சதவீதம் பேர் காசு கொடுத்து டியூஷன் போவதாக 2022ஆம் ஆண்டின் அசர் என்ற கல்வி நிலை அறிக்கை சொன்னது. பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் பத்தில் ஏழு பேருக்கும் மேல். அந்தப் பாய்களில் எத்தனை இடத்தில் யாராவது மூன்று விநாடி காத்திருக்கிறார்கள் என்று எந்த அறிக்கையும் எண்ணப்போவதில்லை.

அரசு வேலைக்கு வந்ததும் என் டியூஷன் நின்றது. கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. வருமானம் கொஞ்சம் போனது. அதைப் பற்றிப் பேச இப்போது ஒன்றுமில்லை. ஆனால் கோடையில் வீட்டுச் சொந்தக்காரரின் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். நான்காம் வகுப்புக்குப் போகிறாள், கழித்தல் வரவில்லை. “பொழுதுபோக்கா கொஞ்சம் சொல்லிக்குடேன்” என்றார் பாட்டி. காசு கிடையாது, டைரி கிடையாது, தேர்வு கிடையாது. பயிற்சி முடிந்து வந்து, வெயில் தாழ்ந்ததும் திண்ணையில் உட்காருவோம்.

52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுவாள். எப்போதும் இதே மாதிரிதான். பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அவள் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பொருத்திக்கொண்டிருந்தாள்: ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. கவனக்குறைவில்லை இது. கறாரான சட்டம், அவளே இயற்றியது. பிள்ளைகளின் கழித்தல் பிழைகளில் பல இப்படி ஓர் ஒழுங்கோடு வருபவை என்று பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இலேயே விரிவாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஐந்து கட்டும், உதிரியாக இரண்டும் வைத்தேன். “இருபத்தேழு எடு” என்றேன். இரண்டு கட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு இரண்டு உதிரிக் குச்சியையும் எடுத்தாள். கை நின்றது. இன்னும் ஐந்து வேண்டும், உதிரி இல்லை. குச்சியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த நேரம் என் நாக்கு நுனியில் ஒரு முழுப் பாடமே தயாராக நின்றது: பக்கத்து வீட்டில் கடன் வாங்கு, அங்கே ஒன்று குறை. ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் அந்த மந்திரம். நான் சும்மா இருந்தேன். பாட்டி முறத்தோடு வாசலுக்கு வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன டீச்சரம்மா, ரெண்டு பேரும் வாயே தொறக்கல? பாடம் முடிஞ்சிடுச்சா?”

அவள் பாட்டியைக் கவனிக்கவேயில்லை. “டீச்சர், இந்தக் கட்டைப் பிரிக்கலாமா?” என்றாள்.

பிரிக்கலாமா என்று அவள் கேட்டதற்கும் பிரி என்று நான் சொல்லியிருக்கக்கூடியதற்கும் உள்ள தூரத்தைப் பற்றித்தான் பிற்பாடு நிறைய யோசித்தேன். விடை ஒன்றுதான், இருபத்தைந்து. ஆனால் கட்டைப் பிரிப்பது அவள் யோசனை. அடுத்த நாள் 403இலிருந்து 58 போனால் என்ன என்று கொடுத்தபோது, நூறு குச்சிக் கட்டைப் பத்துக் கட்டுகளாகப் பிரித்துக்கொண்டே போனாள். நான் வாயைத் திறக்கத் தேவையே வரவில்லை.

ரோ இன்னொரு மௌனத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அது பிள்ளை பதில் சொன்ன பிறகு ஆசிரியர் காக்க வேண்டியது. எனக்கு அதுதான் கடினம். பதில் வந்ததும் ‘வெரிகுட்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அந்த வெரிகுட் காதில் விழுந்த நொடியில் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. பாராட்டை வாங்கிக்கொண்டாயிற்று, இனி என்ன? பேசாமல் இருந்தால் சில சமயம் “இல்ல டீச்சர், இருங்க” என்று அதுவே தன் பதிலை மறுபடி புரட்டிப் பார்க்கும்.

மௌனமெல்லாம் நல்லது என்றும் ஆகிவிடாது. யோசிக்கக் கையில் எதுவுமே இல்லாத பிள்ளையின் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பது வதை. குச்சி இல்லாமல் 52ஐயும் 27ஐயும் மட்டும் நீட்டிவிட்டு நான் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அவளுக்கு அழுகைதான் வந்திருக்கும். கண் எங்கே போகிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். யோசிக்கிற பிள்ளை பொருளைப் பார்க்கும். மாட்டிக்கொண்ட பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் இதே அவசரம்தான். ஏடிஎம் வாசலில் ஒரு பெரியவர் எண்ணை நிதானமாக அழுத்திக்கொண்டிருந்தால், பின்னால் நிற்பவர் “குடுங்க பெரியவரே” என்று அட்டையை வாங்கிவிடுகிறார். திக்கிப் பேசுபவரின் வாக்கியத்தை நாமே முடித்துவைக்கிறோம். எல்லாம் உதவி என்ற பெயரில்தான். அடுத்தவருடைய தயக்கம் நம்மை ஏன் இப்படிக் கூசவைக்கிறது? அவருக்கு உதவுவதை விட, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சங்கடத்திலிருந்து தப்பிப்பதே நமக்கு அவசரமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவசரப்படுத்த ஆளில்லாத இடத்தில் ஆசிரியர்கள் எப்படி இருப்பார்கள்? பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தங்கள் ‘புவர் எகனாமிக்ஸ்’ நூலில் பீகாரில் நடந்த கோடை முகாம்களைப் பற்றி எழுதுகிறார்கள். பிரதம் அமைப்பு நடத்திய அந்த முகாம்களில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்களே. ஊரெல்லாம் ‘வாத்தியார்கள் சொல்லிக்கொடுப்பதேயில்லை’ என்று திட்டு வாங்கும் அதே ஆசிரியர்கள். முகாமில் பிள்ளைகள் கண்கூடாகத் தேறினார்கள். கோடையில் இந்த ஆசிரியர்கள் திடீரென்று வேறு ஆட்களாகிவிட்டார்களா என்ன? முகாமில் அவர்களுக்கு ஒரே வேலை: பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது. பாடநூலை முடித்தாயா என்று கேட்க அங்கே ஆளில்லை. நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதற்குப் பின்னால் இருப்பதும் ஏறக்குறைய இந்த எண்ணம்தான். எண்ணம் நல்லது. ஆனால் நிலை பிரித்த பிறகும் கடிகாரம் பழையதே ஓடினால் மொட்டு மொட்டாகவேதான் இருக்கும்.

ஜூனில் என் முன்னால் இருக்கப்போவது திண்ணையில் ஒரு பேத்தி இல்லை. ஒரே அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகள். கேள்வி கேட்டு மூன்று விநாடி சும்மா இருந்தால் முதல் வரிசையிலிருந்து “டீச்சர் நானு, டீச்சர் நானு” என்று கிளம்பும் சத்தத்தில் பின்வரிசைப் பிள்ளையின் யோசனை அடித்துக்கொண்டு போய்விடும். எல்லாரும் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும், நான் சொல்லும்வரை யாரும் திருப்பக் கூடாது என்று ஒரு விதி வைக்கலாமென்று இருக்கிறேன்.

பள்ளி திறக்கும் முன் ஆசிரியர்கள் கூடிய அன்று இதைத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். முப்பது வருஷ அனுபவம் அவருக்கு. முழுசாகக் கேட்டுக்கொண்டார். கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அறையில் சத்தமே இருக்காது என்பதையும் சொல்லிவைத்தேன்.

“நல்லாத்தான் இருக்கு, செய்ங்க டீச்சர்” என்றார். “ஆனா ஆபீசர் விசிட் வர்ற அன்னிக்கு மட்டும் கொஞ்சம் சத்தமா நடத்துங்க.”