தோற்ற பிறகும்

தேர்தலில் தோற்றவர் பதவியை விட்டு இறங்கத்தான் வேண்டும். ஆனால் கட்சி தோற்காமல் கருத்து மட்டும் தோற்றால்?

நார்வே இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் கண்டது. ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேரலாமா என்று 1972-ல் மக்களிடம் வாக்கெடுத்தார்கள். 'வேண்டாம்' என்றார்கள். தோற்றால் விலகுவேன் என்று முன்பே சொல்லியிருந்த பிரதமர் பிராட்டெலி விலகினார். 1994-ல் மறுபடியும் அதே கேள்வி; ஆட்சியில் அதே தொழிற்கட்சி. 1981-ல் அந்நாட்டின் முதல் பெண் பிரதமரான குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட், 'சேரலாம்' என்று வாதாடினார். நூற்றுக்கு 52 பேர் மறுத்தார்கள். அவர் விலகவில்லை, 1996 வரை ஆண்டார்.

பதவியை உதறுகிறவர்களையே வணங்கிப் பழகிய மனம் என்னுடையது. அம்மையார் நாற்காலியைப் பற்றிக்கொண்டார் என்றே முதலில் எண்ணினேன். பிறகுதான் ஒன்று தோன்றியது. அவர் மருத்துவர். நோயாளி மருந்தை மறுத்தால் மருத்துவர் கோபித்துக்கொண்டு போய்விடலாமா?

இல்லை, இந்த உவமையும் தவறு. மக்கள் நோயாளிகள் அல்லர், அவர்களே எஜமானர்கள். தமக்குப் பிடிக்காத உத்தரவையும் எஜமானருக்காக நேர்மையாக நிறைவேற்ற முடியுமானால் இருக்கலாம். முடியாவிட்டால் போய்விட வேண்டும். புருண்ட்லாண்ட் இருந்தார், தீர்ப்பை வளைக்கவில்லை, நார்வே ஒன்றியத்துக்கு வெளியிலேயே நின்றது. பிறகு தாமாகவே விலகினார்.

விலகுவதில் மானம் இருக்கிறது. தோற்ற மறுநாள் காலையில் அதே மேஜைக்குத் திரும்புவதற்கும் ஒரு மானம் வேண்டும். அதை இத்தனை காலமும் பதவி ஆசை என்றே நினைத்திருந்தேன்.