அடைமொழி எங்கே போய் முடிகிறது?

ஊர்ப்பெயர் ஒன்று இன்னொரு பெயருக்கு அடையாக வரும்போது எப்போதும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சித்தூரில் நிற்பவருக்குத் ‘திருப்பதி பஸ்’ என்பது திருப்பதிக்குப் போகும் பஸ். ‘திருப்பதி லட்டு’ அப்படியல்ல. அது அங்கிருந்து வருவது. 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டு எந்த ஊருக்குப் போனாலும் பெயர் மாறாது. ‘புங்கனூர் மாடு’ இவ்விரண்டிலும் சேராது. ஆந்திரத்துப் புங்கனூரின் பெயரைத் தாங்கிய அந்தக் குட்டை இனத்தின் கன்று சென்னைத் தொழுவத்தில் பிறந்தாலும் அது புங்கனூர் மாடுதான். இங்கே ஊர்ப்பெயர் ஊரைச் சொல்வதை விட்டு இனத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

ஆங்கில வாக்கியங்களில் ‘ஐஸ்லாண்டிக்’ என்ற சொல்லும் இவ்வாறே பல வேலை செய்கிறது. கம்பளிக்கு முன் வந்தால் விளைந்த நாட்டைக் காட்டும்; குதிரைக்கு முன் வந்தால் இனத்தைக் காட்டும்; ‘பேசுகிறார்’ என்பதோடு தனித்து வந்தால் மொழியின் பெயராகும். ஐஸ்லாந்திலிருந்து வெளியே விற்கப்பட்ட குதிரையைத் திரும்ப உள்ளே கொண்டுவர அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. ஆயினும் ஜெர்மனியில் பிறந்து வளரும் அவ்வினக் குதிரைக்கும் அதே பெயர்தான்.

இந்த வேறுபாட்டுக்குள் ஒரு மெய்யியல் கேள்வி இருக்கிறது. பஸ்ஸின் பெயர்ப்பலகையை மாற்றினால் அது வேலூர் பஸ் ஆகிவிடும். பஸ்ஸுக்கு ஒரு குறையும் நேராது. மாட்டிடமிருந்து இனத்தைக் கழற்றி எடுக்க முடியாது. அப்படியானால் அடைமொழிகளில் பொருளோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்பவை ஒரு வகை, பொருளை விட்டு நிற்கவே இயலாதவை இன்னொரு வகை. உலகமும் உயிரும் இறைவனுக்கு எந்த வகை அடை? வேதாந்தத்தின் பெரிய வழக்குகளில் ஒன்று இந்தக் கேள்வியைச் சுற்றி நடந்தது. அதற்கு இராமாநுசர் தந்த விடை ‘வேதார்த்தசங்கிரகம்’ என்னும் வடமொழி நூலில் விரிவாக இருக்கிறது. அந்நூல் திருமலையில் வேங்கடமுடையான் சந்நிதியில் முதலில் சொல்லப்பட்டது என்பது வைணவ மரபு.

இராமாநுசருக்கு முன்பே சொல்லின் பொருள் பற்றிய விசாரணை நெடுங்காலம் நடந்திருந்தது. ‘பசு’ என்ற சொல் குறிப்பது எதிரே நிற்கும் தனிப் பசுவையா, பசுத்தன்மை என்னும் சாதியையா என்று கேட்டார்கள். மீமாம்சகர் சாதியையே குறிக்கும் என்றனர். நியாய சூத்திரம் தனிப்பொருள், வடிவம், சாதி மூன்றையும் சொல்லின் பொருளாகக் கொண்டது. சொற்கள் சேர்ந்து வாக்கியமாவது எப்படி என்பதிலும் இரு கட்சிகள் இருந்தன. சொற்கள் முதலில் தத்தம் பொருளைச் சொல்லி முடிக்கும், பிறகு அப்பொருள்கள் இணையும் என்றார் குமாரிலர். பிற சொற்களோடு இணைந்த பொருளையே ஒவ்வொரு சொல்லும் தொடக்கத்திலிருந்து சொல்கிறது என்றது பிரபாகரர் பள்ளி.

இந்த விசாரணை கூர்மை பெற்ற இடம் சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்லும் ‘அது நீயே’ (தத் த்வம் அஸி) என்னும் உபதேச வாக்கியம். ‘அது’ என்பது உலகுக்குக் காரணமான பிரமம். ‘நீ’ என்பது எதிரே இருக்கும் மகன். இரு சொற்களும் ஒரே வேற்றுமையில் நின்று ஒன்றையே சுட்டுகின்றன. வடமொழி இலக்கணத்தார் இதைச் சாமானாதிகரண்யம் என்பார்கள்: பொருளைச் சொல்வதற்கான காரணம் சொல்லுக்குச் சொல் வேறு, சொல்லப்படும் பொருள் ஒன்று.

அத்வைதிகள் இந்த வாக்கியத்தை விளக்க ‘அந்தத் தேவதத்தனே இவன்’ என்ற எடுத்துக்காட்டைக் கையாண்டார்கள். முன்பு வேறோர் ஊரில் கண்டவனை இன்று இங்கே காண்கிறோம். ‘அன்று அங்கே’, ‘இன்று இங்கே’ என்ற அடைகள் ஒன்றோடொன்று முரண்படுவதால் அவற்றை விட்டுவிட்டுத் தேவதத்தன் என்ற ஆளை மட்டும் கொள்கிறோம். அதுபோலவே ‘அது’ என்பதிலுள்ள முற்றறிவையும் ‘நீ’ என்பதிலுள்ள சிற்றறிவையும் தள்ளினால் எஞ்சுவது அடையற்ற அறிவு ஒன்றே என்பது அவர்கள் முடிவு. வாக்கியம் தன் அடைகளை உதிர்த்துவிட்டு அடையே இல்லாத பொருளில் போய் முடிகிறது.

இராமாநுசரின் மறுப்பு அந்த எடுத்துக்காட்டிலேயே தொடங்குகிறது. ஒருவன் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் இருக்க முடியாதே தவிர, அன்று ஓர் ஊரிலும் இன்று வேறோர் ஊரிலும் இருப்பதில் என்ன முரண்? முரண் இல்லாத இடத்தில் நேர்ப்பொருளை விட்டு இலக்கணைப் பொருள் தேடுவது வேண்டாத வேலை. மேலும், அடைகளையெல்லாம் எடுத்துவிட்டால் இரு சொற்கள் இருப்பதற்கே காரணம் போய்விடும். சொல்லும் காரணம் வேறாக இருப்பதால்தான் ஒரே பொருளுக்கு இரு சொற்கள் தேவைப்பட்டன. ‘வெள்ளைக் கொம்பில்லாப் பசு’ என்றால் வெண்மையும் கொம்பின்மையும் பசுத்தன்மையும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. ஒரே பசுவில் சேர்ந்து நிற்கின்றன. ஒருமை என்பது அடை உள்ள ஒன்றின் ஒருமை. அவர் கொள்கைக்கு விசிட்டாத்வைதம் என்று பின்னாளில் வழங்கிய பெயரும் இதையே சொல்கிறது.

இதற்குப் பிறகே அவருடைய முதன்மையான இலக்கண வாதம் வருகிறது. கோல், குண்டலம் போன்றவை தனியாகவே இருக்கக்கூடிய பொருள்கள். அவை எப்போதாவது ஒருவனுக்கு அடையாகும்போது ‘உடையவன்’ என்ற பொருள் தரும் விகுதி தேவைப்படுகிறது. குண்டலம் அணிந்தவனைக் ‘குண்டலம்’ என்று சொல்வதில்லை, ‘குண்டலி’ என்கிறோம். தமிழிலும் குழை அணிந்தவன் ‘குழை’ ஆவதில்லை, ‘குழையன்’ ஆகிறான். சாதிச் சொற்களுக்கு இந்த விகுதி வேண்டியதில்லை. பசுத்தன்மை உடையதைப் பசு என்றே நேராகச் சொல்லிவிடுகிறோம். காரணம், சாதி தன் பொருளையே பற்றி நிற்பது, அதற்காகவே இருப்பது, அதன் ஒரு விதமாகவே விளங்குவது. பொருளை விட்டுப் பிரித்தால் அது இல்லை. இந்தப் பிரியா நிலையை வைணவ நூல்கள் அப்ருதக்சித்தி என்கின்றன.

உடலுக்கும் உயிருக்கும் உள்ள உறவையும் இராமாநுசர் இதே அளவுகோலால் அளக்கிறார். ஓர் உயிர் எதை முழுதும் தாங்கி, தன் பொருட்டு ஏவி, தனக்கே உரியதாகக் கொள்கிறதோ அதுவே அதன் உடல். உயிர் நீங்கியதும் உடல் உடலாக நிலைப்பதில்லை, அழிகிறது. ஆகவே உடல் குண்டலத்தைப் போன்றதல்ல, சாதியைப் போன்றது. வினைப்பயனால் ஓர் உயிர் பசுவாயிற்று, மனிதனாயிற்று என்று வழங்கும்போது ‘பசு’, ‘மனிதன்’ என்ற உடற்பெயர்கள் விகுதி எதுவும் ஏற்காமல் உயிர்வரை சென்று சுட்டுகின்றன.

அடுத்த படியில் அவர் உபநிடதத்துக்குத் திரும்புகிறார். எல்லா உயிர்களுக்கும் பொருள்களுக்கும் உள்ளே இருந்து இயக்குபவன் இறைவன்; அவையெல்லாம் அவன் உடல் என்று பிருகதாரணியகத்தின் அந்தர்யாமிப் பகுதி கூறுகிறது. உடலைச் சொல்லும் சொல் உயிர்வரை செல்லுமென்றால், உயிரைச் சொல்லும் சொல் அவ்வுயிருக்கும் உயிரானவன்வரை செல்ல வேண்டும். எனவே ‘நீ’ என்ற சொல் சுவேதகேதுவின் உடலில் நிற்காமல், அவன் உயிரிலும் நிற்காமல், அவ்வுயிரை உடலாகக் கொண்ட இறைவனில் முடிகிறது. ‘அது’ என்பது உலகின் காரணமாக அவனைச் சொல்கிறது. ‘நீ’ என்பது இந்த உயிரின் உள்ளுறைபவனாக அவனையே சொல்கிறது. எந்தச் சொல்லும் தன் நேர்ப்பொருளை இழக்கவில்லை. வாக்கியமும் சேர்ந்து நிற்கிறது.

இதிலிருந்து வரும் முடிவு பெரிது. உலகில் வழங்கும் எல்லாச் சொற்களும் கடைசியில் இறைவனையே குறிக்கின்றன. அப்படியானால் சந்தையில் மாடு விலை பேசுகிறவர் ஏன் இறைவனை நினைப்பதில்லை என்ற தடை எழும். இராமாநுசர் இதற்கும் விடை தருகிறார். சாதியும் தனிப்பொருளும் ஒரே கண்ணுக்குச் சேர்ந்தே தெரிகின்றன. அதனால் அவற்றின் ஒட்டுறவு விளங்கிவிடுகிறது. உடல் கண்ணுக்குத் தெரிகிறது, உயிர் தெரிவதில்லை; உள்ளுறையும் இறைவன் அதனினும் தெரிவதில்லை. ஆகவே உலகத்தார் சொற்பொருளின் ஒரு பகுதியை மட்டும் கொண்டு அதையே முழுமை என்று கருதுகிறார்கள். வேதாந்தம் சொல்லுக்குப் புதுப்பொருள் எதையும் தருவதில்லை. பாதியில் நின்ற பொருளை நிறைவு செய்கிறது.

இன்னொரு தடை, உலகம் உடலானால் அதன் குறைகள் இறைவனைச் சேருமே என்பது. குழந்தைமை, இளமை, முதுமை உடலுக்கே உரியவை, உயிரைத் தொடுவதில்லை என்ற வழக்கைக் கொண்டு இதற்கு அவர் பதில் சொல்கிறார். உடலின் மாற்றம் உடலோடு நின்றுவிடுகிறது.

மத்துவர் மரபு இதில் வேறு பாதையில் போகிறது. உபநிடத வாக்கியத்தைப் பிரிக்கும் இடத்தை மாற்றி, ‘நீ அது அல்ல’ என்று பொருள் வரும்படி வாசித்தது அம்மரபு. ஆயினும் எல்லாச் சொற்களும் தலைமையாக விஷ்ணுவையே குறிக்கும் என்பதை அதுவும் ஏற்கிறது. அதற்கு அது காட்டும் காரணம் உடல்–உயிர் உறவு அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் தன்மையைத் தருபவன் விஷ்ணு ஒருவனே என்னும் அவனது தனியுரிமை. அம்மரபின் பேராசிரியர் வியாசதீர்த்தர் திருமலையில் பன்னிரண்டு ஆண்டுகள் பூசை செய்தார் என்று மத்துவ மரபு சொல்கிறது. திருமலை மூலவரின் முன்பு இரு கொள்கைக்காரர்களும் நின்றிருக்கிறார்கள். சொல் அவரிடமே முடிகிறது என்பதில் அவர்கள் ஒன்றுபட்டார்கள், எப்படி முடிகிறது என்பதில் வேறுபட்டார்கள்.

அந்த மூலவரின் பெயர்களையே இந்த அளவுகோலால் பார்க்கலாம். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறின் அடியாகப் பெயர்கள் பிறப்பதை நன்னூல் கூறுகிறது. ‘வேங்கடவன்’ அவற்றுள் இடத்தின் அடியாகப் பிறந்த பெயர். ‘திருவேங்கடமுடையான்’ என்பதும் தெலுங்கில் ஏழு மலைக்காரன் என்ற பொருளில் வழங்கும் ‘ஏடுகொண்டலவாடு’ என்பதும் குண்டலியைப் போல உடைமைப் பொருள் காட்டும் சொற்கள். இறைவனை வெறுமனே ‘வேங்கடம்’ என்று வழங்குவதில்லை. பிரியா அடைக்கு விகுதி வேண்டாம் என்றால், இங்கே விகுதி வந்தது மலை அவனுக்குக் கழற்றி வைக்கத்தக்க அடை என்பதாலா?

விசிட்டாத்வைத நோக்கில் இதற்கு விடை உண்டு. மலையும் உலகப் பொருள்களில் ஒன்று என்பதால் அது அவன் உடலில் அடங்கியதே. அந்த அளவில் பிரியாதது. ஆனால் அவன் எங்கும் நிறைந்தவனாக இருந்தும் அடியாருக்காக ஓர் இடத்தைத் தேர்ந்து நிற்கிறான் என்பதே கோயிற் கொள்கை. அந்தத் தேர்வு அவன் விருப்பம். இயல்பின் கட்டாயம் இல்லை. ‘உடையான்’ என்ற சொல் அந்த விருப்பத்தையும், உறவின் திசையையும் சேர்த்துக் காட்டுகிறது. மலை அவனைச் சார்ந்தது; அவன் மலையைச் சார்ந்தவன் அல்லன். தம் பிரமசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தின் முதல் சுலோகத்தில் இராமாநுசர் பிரமத்தை ‘ஸ்ரீநிவாசன்’ என்றே அழைக்கிறார். அப்பெயரில் இறைவன் இருப்பவனாக அல்லாமல், திருமகள் உறையும் இடமாகவே ஆகிறான். வேங்கடத்தை அவன் உடைமையாகக் கொள்கிறான். திருமகளை விட்டு அவன் ஒருபோதும் இல்லை. ஒரே மூலவருக்கு வழங்கும் இந்த இரு பெயர்களில் இரண்டு வகை அடைகளும் இடம்பெற்றிருக்கின்றன.