அடுக்களைப் புகையும் அணுவிரதமும்

நீரை வடித்து அருந்துவதும், கதிரவன் மறையுமுன் உண்பதும் நம் இல்லங்களில் வழிவழியாக வரும் ஒழுக்கங்கள். நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களைப் பற்றி நம் சிறுவரும் அறிவர். எனினும் நீரில் காட்டும் கருத்தை வீட்டினுள் அடைபட்ட காற்றில் நாம் காட்டுவதில்லை. அக்காற்றால் துன்புறும் உயிரைத் தேடித் தொலைவு செல்ல வேண்டா. அடுப்பின் முன் நிற்கும் நம் தாயோ, மனைவியோ, மருமகளோதான் அவ்வுயிர்.

சேலம், நாமக்கல் சமவெளியில் எரிவாயு உருளை வந்த பின்னும் விறகடுப்பு முற்றிலும் அணைந்துவிடவில்லை. மரவள்ளிக் குச்சியும் தென்னை மட்டையும் காட்டில் காசின்றிக் கிடைக்கையில் வெந்நீருக்கும் விருந்துச் சமையலுக்கும் அவையே எரிகின்றன. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழகச் சிற்றூர்களில் 436 வீடுகளின் காற்றை அளந்து, முடிவை 2002-இல் வெளியிட்டனர். விறகு முதலியன எரியும் வீடுகளில் சமைப்பவர் ஒரு நாளில் சுவாசித்த காற்றில் நுண்துகள் கனமீட்டருக்குச் சராசரியாக 231 மைக்ரோகிராம். சமையலில் ஈடுபடாதவருக்கு 90. எரிவாயு போன்ற தூய எரிபொருள் உள்ள வீடுகளிலோ ஏறத்தாழ 82. அங்கே சமைப்பவர், சமைக்காதவர் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. ஒரே சோற்றை உண்போருள் ஒருவர் மட்டும் இருமடங்குக்கு மேல் புகையைச் சுமப்பது விறகடுப்பு வீட்டில்தான்.

சுமை என்னும் சொல்லை எண்ணியே எழுதினோம். அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் உரைக்கும்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த சுமையேற்றல், உணவும் நீரும் தடுத்தல். இவை வண்டிமாட்டுக்கே உரியன என்பதுபோல் நாம் கேட்டுப் பழகிவிட்டோம். உணவைத் தடுப்பது குற்றமாயின், மூச்சைக் கெடுப்பது எங்ஙனம் குற்றமன்றாகும்? அவர் ஒருநாளும் முறையிட்டதில்லையே என்பது விடையாகாது. சுமந்தவர் முறையிட்டால்தான் குற்றம் என நூல் கூறவில்லை.

சாளரத்தைத் திறந்தால் விட்டிலும் பூச்சியும் நெருப்பில் வீழ்ந்து மாளுமே என்று பெரியோர் சிலர் கேட்பர். நேர்மையான ஐயம்தான். ஆனால் இரவுண்ணாமையைக் கைக்கொள்ளும் இல்லத்தில் சமையல் பகலிலேயே முடிந்துவிடும். விட்டில் ஒளியை நாடி வரும் பொழுது அதுவன்று. கோழிப்பண்ணைகளை அடுத்த நாமக்கல் வீடுகளில் பகலிலும் ஈ மொய்க்கும். அங்கே சாளரத்திற்குக் கம்பிவலை அடித்தல் வேண்டும். இரவுச் சமையலையும் விடாது, பூச்சிக்கு இரங்கிச் சாளரத்தையும் அடைப்பது, நம் வசதிக்கு அறத்தைச் சாட்சியழைப்பதேயாகும்.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்கு இணை என 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. நாலறிவுயிராகிய கொசுவை மடிவிக்கும் எண்ணத்தோடு அதனை ஏற்றி, அதே புகையைத் தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கும் ஊட்டுகிறோம். கொசுவலையில் இவ்விரண்டு தீங்கும் இல்லை.

புதுவீடு கட்டுவோர் கூடத்தையே முதலில் வரைகின்றனர். எஞ்சிய மூலை அடுக்களைக்கு. எதிரெதிர்ச் சுவர்களில் இரு சாளரங்களும், அடுப்பின் மேல் புகைபோக்கியும் வரைபடத்திலேயே இடம்பெறட்டும். வெந்நீர் அடுப்பு கொல்லைப்புறம் செல்லட்டும். அங்கே எரிக்கும் விறகையும் ஒருமுறை தட்டி, எறும்போ கறையானோ உண்டா என்று பார்த்த பின்னரே நம் பாட்டிமார் அடுப்பில் வைத்தனர்.