பொருத்துகிற கை

"பலகைக்குப் பாவம் ஏது?" வீட்டில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் எனக்காகப் பரிந்து பேசுவோரின் வாதம் இது. தச்சுவேலை என்னுடையது, வாசிப்பு இன்னொருவருடையது என்றாகிவிடும். வசதியானதுதான், எனக்கு ஒப்பில்லை.

நமது ஷாபிஈ மத்ஹபின் 13ஆம் நூற்றாண்டு அறிஞர் இமாம் நவவி, 'மின்ஹாஜ்' நூலில் கடுமையாகவே எழுதுகிறார்: இசைக்கருவியைப் பயனற்றதாக்கியவர் நட்டஈடு தர வேண்டியதில்லை. ஆனால் கண்டபடி நொறுக்கலாகாது. பொருத்துவதற்கு முன்பிருந்த நிலைக்குப் பிரித்துவிடுவதே மிகச் சரி என்கிறார். மரம் தப்பிவிடுகிறது. பழி பொருத்தலின் மேல் விழுகிறது. அங்கே அவர் ஆளும் சொல் 'தஃலீப்'. நூல் எழுதுவதற்கும் அறபியில் அதே சொல்தான், நம் எழுத்தாளர்கள் கவனிக்க.

என் மேசையில் துருத்தியும் பித்தளை ரீட்டுகளும் பலகையும் தனித்தனியே கிடக்கையில் எவருக்கும் ஆட்சேபமில்லை. சேர்க்கும்போதுதான் நான் ஒரு பக்கம் சாய்கிறேன். இமாம் கஸ்ஸாலியும் ஷாபிஈதான். இஹ்யாவில் இசை கேட்பதற்கென்றே ஒரு பாகம் ஒதுக்கினார். நரம்பு, குழல் கருவிகளை அவர் விலக்கியது இனிமைக்காக அல்ல, குடிகாரர் சபையோடு அவற்றுக்கிருந்த உறவுக்காக. அந்த உறவில்லாத பெட்டியைப் பொருத்தலாம் என்பது என் முடிவு. அதன் கணக்கும் என்னுடையதே.

ஒட்டுவதற்கு வச்சிரமே பாவிக்கிறேன். வெந்நீர்ச் சூட்டுக்கு இளகிவிடும். வேறு முடிவுக்கு வருபவர் உடைக்காமல் பிரித்துக்கொள்ளலாம்.