கல்லில் எழுதிய பெயர்கள்

இறந்தவர்க்கு இருப்பவர் செய்யக் கடமைப்பட்டது என்ன? உடலை மண்ணுக்குக் கொடுப்பதோடு அக்கடமை முடிந்துவிடுகிறதா? கல் நாட்டிப் பெயர் பொறித்துப் பூவேலையும் செய்துவைப்பது அன்பின் செயலா, செல்வத்தின் செருக்கா? வீண் ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பது எளிது. அவ்வாறு தீர்ப்பளிக்கும் முன், இங்கிலாந்து நாட்டின் இரண்டு ஆலய முற்றங்களைச் சற்று உற்று நோக்குவோம்.

குளோஸ்டர்ஷயரில், காட்ஸ்வோல்டு குன்றுகளிடையே பெயின்ஸ்விக் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் தூய மரியா ஆலயத்தைச் சூழ, ஒழுங்காகக் கத்தரிக்கப்பட்ட யூ மரங்களுக்கிடையே, 17, 18ஆம் நூற்றாண்டுகளின் கல்லறைகள் நெருங்கி நிற்கின்றன. சில மேசை வடிவின. சில பேழை வடிவின. பீடம்போல் உயர்ந்து நிற்கும் வேறு சிலவற்றைத் தேயிலைச் செப்புகள் என்று செல்லமாக அழைப்பர். அவற்றின் பக்கங்களில் சிறகு விரித்த வானதூதர் முகங்கள், சுருள்கொடிகள், மலர்க்கொத்துகள். கல்லை மெழுகாக எண்ணிச் செதுக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு கலைக்கும் பொருள் எங்கிருந்து வந்தது? ஆட்டின் முதுகிலிருந்து வந்தது. அப்பகுதி கம்பளித் துணியால் செழித்த பகுதி. துணி வணிகரே இக்கல்லறைகளுள் பலவற்றை எழுப்பினர். அந்நாளில் அந்நாட்டின் சட்டமும் கம்பளியின் பக்கமே நின்றது. 1666ஆம் ஆண்டிலும், பின்னர் இன்னும் கடுமையாக 1678ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களின்படி, இறந்தோரைக் கம்பளித் துணியிலேயே பொதிந்து அடக்கம் செய்ய வேண்டும். மீறினால் 5 பவுன் தண்டம். நாட்டின் தொழிலைக் காக்கும் பொருட்டே இந்த ஏற்பாடு. செல்வர் சிலரோ தண்டத்தைச் செலுத்திவிட்டு மெல்லிய சணல்நூல் ஆடையிலேயே அடக்கம் பெற்றனர். 1814ஆம் ஆண்டில்தான் இச்சட்டம் நீக்கப்பட்டது. சாவு அனைவரையும் சமமாக்கும் என்கிறோம். ஆனால் சாவிற்கும் கல்லறைக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்களில், மனிதன் தன் ஏற்றத்தாழ்வுகளையெல்லாம் எப்படியோ மீட்டுக்கொண்டு விடுகிறான்!

அந்தக் கம்பளியை நூற்ற பெண்கள் எங்கே? தறியில் குனிந்து முதுகு கூனியவர்கள் எங்கே? அவர்களும் அத்தகைய முற்றங்களில்தான் உறங்குகிறார்கள். கல் நாட்ட அவர்களுக்கு வசதியில்லை. மரக்குறி நாட்டியிருந்தால் அதுவும் மட்கிப் போயிற்று. ஒருவர்மேல் ஒருவராய்த் தலைமுறை தலைமுறையாக அடக்கம் செய்யப்பட்டதனால் பழைய ஆலய முற்றங்கள் பலவற்றின் நிலமட்டமே உயர்ந்துவிட்டது. ஏழைகளுக்கு அந்த உயர்ந்த மண்தான் நினைவுச்சின்னம்.

இன்னொன்றையும் கருத வேண்டும். இடைக்காலத்துக் கல்லறை எழுத்துகள் பெரும்பாலும் ஒரு விண்ணப்பத்தைத் தாங்கியிருந்தன: இவ்வழியே செல்பவரே, இந்த ஆன்மாவுக்காக மன்றாடும் என்பதே அவ்விண்ணப்பம். 16ஆம் நூற்றாண்டின் சமய மாற்றத்தில் அவ்வழக்கம் அங்கே அற்றுப்போயிற்று. இறந்தோர்க்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க ஏற்படுத்தப்பட்டிருந்த அறக்கட்டளைகளை 1547ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அதன்பின் வந்த கற்கள் கேட்பதை விட்டுச் சொல்லத் தொடங்கின. இவர் இன்ன தொழிலினர், இன்ன வயதினர், இன்னாரின் அன்புக் கணவர் என்று சொல்லின. இரந்து நின்ற கல் எடுத்துரைக்கும் கல்லாயிற்று. சமயப் பூசலாக இதை நாம் கூறவில்லை. விண்ணப்பம் மறைந்து புகழுரை மட்டும் எஞ்சும் வேளையில் மனித உள்ளம் எதையோ இழக்கிறது என்பதே நம் கருத்து. அவ்விழப்பு எல்லாச் சபையினரின் கல்லறைகளிலும் நேரக்கூடியது.

பெயின்ஸ்விக்கிற்குக் கிழக்கே, ஆக்ஸ்போர்டுஷயரில் பர்போர்டு என்னும் ஊர் இருக்கிறது. அதன் ஆலய முற்றத்திலும் செதுக்கு வேலை மிக்க கல்லறைகள் உள்ளன. மேலே உருண்டு நீண்ட அவற்றின் மூடிகளைக் கம்பளிப் பொதிகளாகவே மக்கள் கண்டனர். 1649ஆம் ஆண்டு மே மாதம், ஊதியப் பாக்கியும் உரிமைகளும் கேட்டுக் கிளர்ந்த போர்வீரர் ஏறத்தாழ 340 பேரைக் குரோம்வெல்லின் படையினர் அவ்வாலயத்தினுள் அடைத்து வைத்தனர். மூவர் ஆலய முற்றத்திலேயே சுடப்பட்டனர். உள்ளே அடைபட்டிருந்த அந்தோனி செட்லி என்பவர், திருமுழுக்குத் தொட்டியின் ஈயத் தகட்டில் தம் பெயரையும், ஆண்டையும், கைதி என்னும் ஒரு சொல்லையும் கீறி வைத்தார். அந்தச் சொல்லில் எழுத்துப் பிழையும் உண்டு. சிற்பிக்குக் கூலி கொடுத்து எழுதியதன்று. நாளை உயிரோடிருப்போமா என்றறியாத ஒரு கை எழுதியது. அதில் புகழில்லை, தன் நிலை மட்டுமே இருக்கிறது. வெளியே நிற்கும் அழகிய கற்களைக் காட்டிலும் அது பழைய விண்ணப்பத்திற்கு நெருங்கியதாக நமக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் செதுக்கிய கற்களை வெறுக்கலாமா? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புனித அகுஸ்தினார் இவ்வினாவை ஆராய்ந்தார். மறைசாட்சியின் நினைவிடத்தருகே அடக்கம் பெறுவதால் இறந்தவர்க்குப் பயனுண்டா என்று நோலா நகர் ஆயர் பவுலினார் கேட்டிருந்தார். அடக்கச் சடங்கின் சிறப்பு இறந்தவர்க்கு உதவி என்பதைவிட இருப்பவர்க்கு ஆறுதல் என்பதே அகுஸ்தினாரின் தெளிவு. ஆயினும் உடலைப் புறக்கணிக்க அவர் சொல்லவில்லை. தந்தையின் ஆடையும் மோதிரமும் பிள்ளைகளுக்கு அருமையானவை எனில், உடல் அவற்றினும் நெருங்கியதன்றோ என்றார். இடம் தன்னளவில் எதுவும் செய்யாது; அதைக் காண்பவரின் நினைவைத் தூண்டி மன்றாடச் செய்வதே அதன் பயன். நினைக்க உற்றார் எவருமற்றோர்க்காகத் திருச்சபை, பொதுவான தாயாக இருந்து, பெயர் குறிக்காமலே மன்றாடுகிறது என்றும் அவர் எழுதினார். பெயரற்ற நெசவாளருக்கும் நூற்ற பெண்களுக்கும் இதைவிடப் பெரிய கல்வெட்டு ஏது?

பெயர் பெற்றோரின் நிலையும் நிலையானதன்று. காட்ஸ்வோல்டுச் சுண்ணாம்புக்கல், ஏறக்குறைய 17 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான கடலடியில் படிந்தது. சிப்பிகளும் சிற்றுயிர்களும் அதனுள் புதைந்துள்ளன. கல்லறைக்கு வெட்டியெடுத்த கல்லே ஒரு கல்லறை! உறைபனியும் மழையும் பாசியும் எழுத்துகளை அரித்துவருகின்றன. பெயின்ஸ்விக்கில் கல்தச்சுத் தொழில் செய்து, 1787ஆம் ஆண்டில் இறந்த ஜான் பிரையன் என்பவரோ, கொடியும் மலரும் இன்றி ஒரு கூம்புப் பட்டைக்கோபுரத்தின்கீழ் துயில்கிறார். அலங்காரம் எத்தனை நாள் நிற்கும் என்பதை உளியேந்திய கையைவிட நன்கறிந்தவர் யார்?

இன்று அக்கல்லறைகள் பலவற்றைச் சட்டம் காக்கிறது. இறந்தவரோடு எவ்வுறவும் இல்லாதோர் அவற்றைச் செப்பனிடுகின்றனர். நன்றி கூற அங்கே எவருமில்லை. செருக்கால் எழுந்த கல்லும்கூட, முன்பின் அறியாத ஒருவர் அதைப் பரிவோடு தொடும்போது இரக்கச் செயலின் பொருளாகிவிடுகிறது. பாறையில் குடைந்த புதிய கல்லறையொன்றைத் தமக்கென வைத்திருந்த அரிமத்தியா ஊர் யோசேப்பு, அதைச் சிலுவையில் இறந்த ஓர் ஏழைக்குக் கொடுத்தாரே! கல்லறை வைத்திருந்ததற்காக எவரும் அவரைப் பழிப்பதில்லை. கொடுத்ததற்காக உலகம் அவரை நினைக்கிறது.

ஆகவே கல் நாட்டுவது தவறன்று. நாட்டிய கல் நம் பார்வையை அங்கேயே நிறுத்திவிடுகிறதா, பக்கத்தில் கல்லின்றிக் கிடக்கும் மண்மேட்டின் பக்கமும் திருப்புகிறதா என்பதே உரைகல். பெயின்ஸ்விக்கில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் சிறுவர் கைகோத்து ஆலயத்தைச் சுற்றி வளைத்து நிற்பர். அச்சடங்கின் பெயருக்குத் தழுவுதல் என்பதே பழம்பொருள். அவர்களுடைய கால்கள் பெயருள்ளோர்க்கும் பெயரற்றோர்க்கும் உரிய ஒரே மண்ணின்மேல் நிற்கின்றன. நாமும் நம் உற்றாரின் கல்லறைமுன் விளக்கேற்றும் நாளில், எவரும் வராத அடுத்த மேட்டிலும் ஒரு திரியை வைத்து, ஒரு செபத்தைச் சொல்லி வருவோமாக.