வலிக்காத காலின் உழைப்பு

ஓடுகிறவனின் முகம் கோணுவதைப் பார்த்துத்தான் அவன் வெற்றிக்கு நாம் மதிப்புப் போடுகிறோம். சிரமம் தெரிய வேண்டும். வலி அதற்குச் சாட்சி. (கவிதைக்கும் நம்மிடம் இதே கணக்குத்தான்: பட்டவன் எழுதினால்தான் கவிதை.) இந்தக் கணக்கைக் குலைத்துப் போடும் ஒரு பந்தயம் 2016 அக்டோபரில், ஜூரிச்சுக்குப் பக்கத்தில் க்ளோட்டென் என்ற ஊரில் நடந்தது. ஜூரிச்சின் ஈ.டி.ஹெச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்திய ஸைபத்லான் போட்டிகளில் அதுவும் ஒன்று. முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்களை அசைக்கும் சக்தியை முற்றாக இழந்தவர்கள், சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில், தங்கள் கால்களாலேயே மிதித்து 750 மீட்டர் போனார்கள். மோட்டார் கிடையாது.

தண்டு அறுந்தாலும் அதன் கீழ்ப்பகுதியிலிருந்து தசைக்குப் போகும் நரம்பு பலருக்கு உயிரோடுதான் இருக்கிறது. மூளையின் உத்தரவு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான். அந்த உத்தரவின் இடத்தில் மின்சாரம். தொடையிலும் பிருஷ்டத்திலும் ஒட்டிய மின்முனைகள் வழியாக, பெடல் இருக்கும் கோணத்தைப் பார்த்து, ஒரு பெட்டி முறைவைத்துத் தசைகளைச் சுருங்க வைக்கிறது. அன்று வென்ற கிளீவ்லாந்து அணிக்காரருக்கு மின்முனைகள் உடலுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தன. மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக முடித்தார்.

இதை யந்திரத்தின் வேலை என்று தள்ளிவிட முடியாது. தசை நிஜமாகவே களைக்கிறது, மற்றவர்களுடைய தசையைவிடச் சீக்கிரமாகவே. நம் இச்சை ஒரு தசையை எழுப்பும்போது, சீக்கிரம் களைக்காத சிறு இழைகளை முதலில் எழுப்புகிறது, ஒன்று ஓய மற்றொன்று என்று மாற்றி மாற்றி வேலை வாங்குகிறது. மின்சாரத்துக்கு அந்தப் பக்குவம் இல்லை. பெரிசும் சிறிசும் ஒரே அடியில், ஒரே சமயத்தில் சுருங்குகின்றன. சில நிமிஷங்களில் தொடை கைவிட்டுவிடும். மாதக்கணக்கான பயிற்சிக்குப் பிறகும் பலருக்குக் கிடைப்பது பத்து இருபது வாட். பழைய குண்டு பல்பை மங்கலாக எரிக்கக் காணும். மூச்சு வாங்குகிறது. ஏன் வாங்குகிறது என்று கால் சொல்வதில்லை.

அப்படியானால் இந்த உழைப்பு யாருடையது?

1803இல் லண்டனில், நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் ஆல்தினி மின்சாரம் பாய்ச்சினார். தாடை நடுங்கிற்று, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்தது. அதுவும் தசையின் வேலைதான். அதை அந்த மனிதனின் உழைப்பு என்று யாரும் சொல்லமாட்டோம். வித்தியாசம் சுவிட்ச் யார் கையில் என்பதில் இருக்கிறது என்று முதலில் எனக்குத் தோன்றியது. க்ளோட்டெனில் ஓட்டியவன் உயிரோடிருக்கிறான், மின்சாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவனால் முடியும், ஆகவே உழைப்பும் அவனுடையது. போட்டி நடத்தியவர்களும் இப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஓட்டுகிறவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பைலட்'.

இந்தப் பதில் போதாது என்று காட்டியது வேறொரு பழக்கம். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்ட விளையாட்டுக்காரர்கள் சிலர், போட்டிக்கு முன் தங்கள் உணர்வற்ற பாகத்தை வேண்டுமென்றே காயப்படுத்தியிருக்கிறார்கள். கால்விரலை நசுக்குவது, சிறுநீரை வெளியேற்றாமல் மூத்திரப்பை வீங்க விடுவது. அவர்களுக்கு வலி தெரியாது. தண்டுக்கு மட்டும் தெரியும். அது ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றுகிறது, ஆட்டம் வேகமெடுக்கிறது. மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கவும் கூடும். சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி 1994இல் இதைத் தடை செய்தது. இங்கும் சுவிட்ச் அவன் கையில்தான் இருந்தது. விரலும் அவனுடையதே. ஆனால் அந்த விரலை அவன் பிறத்தியார் விரலாக நடத்தினான், அதுவும் தட்டிக்கேட்க நாதியில்லாத பிறத்தியாராக.

ஆக, 'என் கால்' என்று சொல்ல உரிமை எதிலிருந்து வருகிறது? உணர்வதிலிருந்து என்றால் இவர்களுக்குக் கால் இல்லை. கட்டளையிடுவதிலிருந்து என்றால், விரலை நசுக்கியவனுக்கும் ஓட்டுகிறவனுக்கும் பேதமில்லை. எனக்குப் படுவது இது: க்ளோட்டெனில் ஓட்டியவன் அந்தக் காலைத் தனதாக்கிக்கொண்டது பந்தயத்தில் அல்ல, அதற்கு முந்தைய மாதங்களில். வருஷக்கணக்கில் நிற்காத எலும்பு மெலிந்திருக்கும், மின்சாரம் வாங்கும் வேகத்தில் முறியக்கூடும். மின்முனை சரியாக ஒட்டாத இடத்தில் தோல் வெந்துபோகலாம். மேல்தண்டில் அடிபட்டவருக்கு இந்த மின்சாரமே ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடலாம். இதில் எதையும் கால் தானாகச் சொல்லாது. கண்தான் பார்க்க வேண்டும், கைதான் தடவ வேண்டும். கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் குழந்தை அழும்.

வலியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாத உழைப்பு இது. இதன் சிரமம் மிதிப்பதில் இல்லை. தன் பகுதியாயிருந்தும் தன்னிடம் முறையிடாத ஒன்றைத் தினமும் விசாரித்துக்கொண்டிருப்பதில் இருக்கிறது. இதைப் பார்க்க அரங்கில் ஆளில்லை.

எலும்பைச் சோதித்துவிட்டு, இந்தப் பயிற்சி வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிடும் ஆட்களும் உண்டு. அவர்கள் கால் எதையும் மிதிக்கப்போவதில்லை. ராத்திரி படுக்குமுன் கைக்கண்ணாடியைப் பிடித்து, குதிகாலிலும் இடுப்பிலும் எங்காவது சிவந்திருக்கிறதா என்று அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.