பாடியவனுக்குப் பட்ட கடன்

பிறர் பொருளை எடுத்தவன் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் ஒருவனுடைய பாட்டை எடுத்தால்? எடுக்க எடுக்கப் பாட்டுக் குறைவதில்லை. பாடியவனிடமும் அது இருக்கும். கேட்டவனும் கொண்டு போவான். அப்படியானால் நட்டம் யாருக்கு? நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டும் ஆய்வாளரை இக்கேள்வி நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகிறது.

அமெரிக்க நாட்டாரிசை ஆய்வாளருள் அலன் லோமக்ஸ் (1915-2002) முதன்மையானவர். 1959ஆம் ஆண்டு அவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் மிசிசிப்பி மாநிலச் சிறைச்சாலையின் முகாம் ஒன்றுக்குச் சென்றார். அங்கே கறுப்பினக் கைதிகள் மரம் வெட்டிக்கொண்டிருந்தனர். கோடரிகள் ஒருங்கே விழும் தாளத்துக்கு ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடினார்கள். காவல் அதிகாரியின் ஆட்கள் வேட்டையாடிச் சுட்டு வீழ்த்திய லாசரு என்னும் ஏழையைப் பற்றிய பாட்டு அது. முன்னின்று பாடியவர் ஜேம்ஸ் காட்டர்.

காட்டர் பின்னர் விடுதலை பெற்றுச் சிக்காகோ நகரில் வாழ்ந்தார். பாட்டைப் பதிவு செய்ததையே மறந்துவிட்டார். 2000ஆம் ஆண்டில் ஒரு ஹொலிவூட் திரைப்படம் அப்பதிவைச் சேர்த்துக்கொண்டது. படத்தின் பாடல் இறுவட்டு பல இலட்சம் விற்பனையாகி, 2002இல் கிராமி விருதும் பெற்றது. லோமக்ஸின் மகளும் அவரது ஆவணக் காப்பகத்தாரும் சும்மா இருக்கவில்லை. சிறைப் பதிவேடுகளையும் பிற ஆவணங்களையும் துருவி, எழுபது வயதைக் கடந்துவிட்ட காட்டரைக் கண்டுபிடித்து, 20,000 டொலர் காசோலையை அவரிடம் கொடுத்தார்கள். 2003இல் அவர் காலமானார்.

ஈகையா? நீதியா?

இதைக் கேட்பவர், "என்ன தாராள மனம்!" என்பார். இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தன்னுடையதைப் பிறருக்குக் கொடுப்பது ஈகை. பிறருடையதை அவருக்கே கொடுப்பது நீதி. காட்டரின் கைக்குப் போனது அவருடைய குரலின் கூலி. அவரைத் தேடியவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் அவர்கள் செய்தது தருமமன்று, கடன் தீர்த்தல்.

கடன் தீராது போன கதையும் உண்டு. தென்னாபிரிக்காவின் சூலுப் பாடகர் சொலமன் லிண்டா 1939இல் 'ம்பூபே' (சிங்கம்) என்ற தம் பாட்டை ஜொகன்னஸ்பேர்க்கில் பதிவு செய்தார். உரிமையைப் பத்து ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டார் என்பர். அந்த இசைத்தட்டு அதே லோமக்ஸின் வழியாகவே அமெரிக்கப் பாடகர் பீற் சீகரை அடைந்தது. சீகர் அதைப் பழைய ஆபிரிக்க நாட்டார் பாடல் என்றே எண்ணினார். பின்னர் பலரும் பாடி, உலகமெல்லாம் அது பரவியது. லிண்டாவோ 1962இல் வறுமையில் இறந்தார். அவருடைய பெண்மக்களுக்கு நியாயம் ஓரளவேனும் கிடைத்தது 2006இல், 44 ஆண்டுகளின் பின்னர்.

இங்கே திருடன் என்று ஒருவனைச் சுட்டுவது எளிதன்று. 'நாட்டார்' என்ற ஒரு சொல்லே பாடியவனின் பெயரை மறைத்துவிட்டது. எல்லோருக்கும் உரியது என்றால் எவருக்கும் உரியதன்று என்று கொள்வது எவ்வளவு எளிது!

"லாசருவின் பாட்டைக் காட்டர் இயற்றவில்லையே, முன்னோர் பாடியதுதானே" எனலாம். உண்மை. சொற்கள் பொதுச் சொத்து. ஆயினும் அன்று ஒலித்த குரலும் மூச்சும் அவருடையவை. "லோமக்ஸ் பதியாவிட்டால் அந்தக் குரல் காற்றோடு போயிருக்குமே" எனலாம். அதுவும் உண்மை. ஆனால் செய்த நன்மை பட்ட கடனை அழித்துவிடாது.

இன்னுமொன்று. காவலின் கீழ் நிற்கும் மனிதன் 'பாடுகிறேன்' என்று சொல்வது எவ்வளவுக்குச் சுதந்திரமான சம்மதம்? இறுவட்டில் 'ஜேம்ஸ் காட்டரும் கைதிகளும்' என்றே உள்ளது. உடன் பாடிய மற்றவர்கள் 'கைதிகள்' மட்டுமே. செலுத்த முடியாத கடனும் கடன்தான். குறைந்தது அதை மறவாமலாவது இருக்க வேண்டும்.

ஆய்வு என்பது பேராசிரியருக்கு மட்டும் உரியதாய் இருந்த காலம் போய்விட்டது. இன்று நம் ஊரில் நாட்டுக்கூத்து நடக்கும் இரவில், அண்ணாவியார் பாடும்போது நூறு கைத்தொலைபேசிகள் அதைப் பதிகின்றன. வீட்டில் பாட்டி பாடும் ஒப்பாரியும் தாலாட்டும் அவ்வாறே பதியப்படுகின்றன. பதியட்டும், பதியாவிட்டால் அழிந்துபோகும். ஆனால் பதிவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்போம். பெயரைக் கேட்டு எழுதி வைப்போம். பாட்டு எங்கே போகிறது என்பதை அவருக்குச் சொல்வோம். அதனால் காசு வந்தால், அதில் அவருக்குரிய பங்கை அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுப்போம்.